ஒரு மாட்டுக் கிருமியின் உலகப் பயணம்

உங்கள் இடது தோளைத் தடவிப் பாருங்கள். சட்டைக் கைக்கு உள்ளே சிறு குழியாகவோ மேடாகவோ ஒரு தழும்பு தட்டுப்படும். பிறந்த சில நாட்களில் போட்ட பிசிஜி ஊசியின் அடையாளம் அது. காசநோய்க்கான தடுப்பூசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதே பிசிஜியை, குழந்தைக்குப் போடும் அளவைவிடப் பல நூறு மடங்கு கூடுதலாக, உயிருள்ள கிருமியாகவே, புற்றுநோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள் என்று சொன்னால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உலகம் முழுக்க யூராலஜி பிரிவுகளில் அன்றாடம் நடக்கும் வேலை இது. தோளுக்கு வந்த கிருமி அடிவயிற்றுக்கு இடம் மாறிய கதையில் ஒரு பசு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஒரு உலகப் போர், ஒரு தப்புக் கணக்கு, ஒரு மருந்துப் பெட்டி எல்லாம் வருகின்றன. ராஜாஜியும் வருகிறார்.

கிருமியை ஏவிப் புற்றுநோயை விரட்டலாம் என்ற எண்ணம் பிசிஜியைவிட மூத்தது. 1890-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் சார்கோமா என்னும் எலும்புப் புற்று. கையை வெட்டியும் பலனில்லை. சில மாதங்களில் இறந்துபோனாள். மனம் உடைந்த கோலி மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வளர்ந்த ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குடியேறி ஒருவரைப் பற்றிய குறிப்பு அதில் கிடைத்தது. டாக்டர்கள் கைவிட்ட நிலையில் அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து, காய்ச்சல் கொதித்து, அது தணிந்தபோது கட்டியும் காணாமல் போயிருந்தது. கோலி அதோடு விடவில்லை. மேன்ஹாட்டனின் நெருக்கடியான குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடி அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் ஆள் திடமாக இருந்தார்.

1891-இல் கோலி துணிந்து இன்னொரு நோயாளியின் கட்டிக்குள் அதே வகைக் கிருமியை ஊசி வழியே செலுத்தினார். நோயாளி சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார், கட்டி கரைந்தது. பிறகு உயிருள்ள கிருமியைக் கைவிட்டு, கொன்ற கிருமிகளின் கலவையைத் தயாரித்தார். ‘கோலியின் நச்சு’ என்று பெயர் பெற்ற அந்தக் கலவையை பார்க் டேவிஸ் கம்பெனி விற்கவும் செய்தது. ஆனால் ஆளாளுக்கு ஒரு செய்முறை, ஆளாளுக்கு ஒரு அளவு. ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அதற்குள் எக்ஸ்ரேயும் ரேடியமும் வந்துவிட்டன. அளந்து கொடுக்க முடிந்த கதிர்வீச்சுக்கு முன்னால், என்ன செய்கிறதென்றே தெரியாத காய்ச்சல் வைத்தியம் நிற்க முடியவில்லை. 1936-இல் கோலி இறந்தபோது அவருடைய சிகிச்சையைப் பலர் ஏறக்குறைய மூடநம்பிக்கையின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்கள்.

இங்கே அட்லாண்டிக்கைக் கடந்து வட பிரான்ஸின் லீல் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தின் தலைவர் ஆல்பெர் கால்மெட். அதற்கு முன் சைகோனில் பாஸ்டர் நிலையம் தொடங்கி, நாகப்பாம்பு விஷத்துக்கு முறிமருந்து தேடியவர். அவருக்குத் துணை கமீல் கெரான் என்ற கால்நடை மருத்துவர். 1908-இல் இருவரும் ஒரு மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கையில் எடுத்தார்கள். எட்மோன் நொக்கார் என்பவர் காசநோய் கண்ட ஒரு பசுவின் மடியிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் பிரித்தெடுத்த கிருமி அது.

காசநோய்க் கிருமிக்கு மெழுகு மேலுறை உண்டு. அதனால் வளர்க்கும்போது கட்டி கட்டியாகத் திரண்டுகொள்ளும். ஒரே சீராகக் கலந்து விலங்குகளுக்குப் போட முடியாது. திரளாமல் இருப்பதற்காக, கிளிசரின் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளை மாட்டுப் பித்தநீரில் வேகவைத்து, அவற்றின் மேல் கிருமியை வளர்த்தார்கள். நோக்கம் அவ்வளவுதான். ஆனால் பித்தத்தில் வளர்ந்த கிருமி மெல்ல மெல்ல வீரியம் இழப்பதைக் கவனித்தார்கள். திரளாமலிருக்கச் சேர்த்த பொருள் தடுப்பூசிக்கான வழியைத் திறந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய துண்டிலிருந்து புதிய துண்டுக்கு மாற்றினார்கள். மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

1914-இல் போர் வந்தது. லீல் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. உருளைக்கிழங்குக்கே தட்டுப்பாடு, சோதனைக்கு மாடுகளும் கிடைக்கவில்லை. கால்மெட்டின் மனைவியைப் பிணைக்கைதியாக ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். கால்மெட்டின் அண்ணன் காஸ்தோன், லெ ஃபிகாரோ நாளிதழின் ஆசிரியர், போர் தொடங்கும் முன்னரே ஒரு மந்திரியின் மனைவியால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கு பாரிஸையே கலக்கியது. இத்தனைக்கும் நடுவில் கிருமி மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுக் கிழங்குக்குக் குடிபெயர்ந்தது. 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 இடமாற்றங்கள். எங்கோ நடுவழியில் அதன் மரபணுத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்துபோனது. நோய் உண்டாக்கும் திறன் பெருமளவு அதோடு போய்விட்டது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. கால்மெட்டுக்கும் கெரானுக்கும் அப்போது தெரிந்ததெல்லாம், இந்தக் கிருமியைப் போட்ட விலங்குகளுக்கு நோய் வரவில்லை என்பது மட்டுமே.

1921-இல் பாரிஸில் ஒரு தாய், குழந்தையைப் பெற்றவுடன் காசநோயில் இறந்தாள். வளர்க்க வேண்டிய பாட்டிக்கும் அதே நோய். அந்தக் குழந்தைக்கு முதன்முதலாக இந்தக் கிருமியை வாய்வழியே புகட்டினார்கள். குழந்தை நலமாக வளர்ந்தது. இருவர் பெயரையும் சேர்த்து ‘பசில் கால்மெட் கெரான்’, சுருக்கமாக பிசிஜி என்ற பெயர் நிலைத்தது.

அதன்பின் பிசிஜி ஊர் சுற்றத் தொடங்கியது. சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்து பெயர் பெற்ற கியோஷி ஷிகா 1924-இல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அதே காலத்தில் ரஷ்யாவுக்குப் போனது. அடுத்துத் தென் அமெரிக்காவுக்கும், ஸ்வீடனுக்கும், டென்மார்க்குக்கும், சிகாகோவுக்கும், மாண்ட்ரியலுக்கும் போனது. கிருமியை உறையவைத்து உலர்த்திச் சேமிக்கும் முறை அப்போது கிடையாது. எனவே ஒவ்வொரு ஊரிலும் லீலில் செய்ததைப் போலவே விடாமல் வளர்த்தாக வேண்டும். தாய்வீட்டிலிருந்து கொண்டுபோன உறைமோர் ஒவ்வொரு சமையலறையிலும் ஒவ்வொரு ருசிக்கு மாறுவதுபோல, டோக்கியோ பிசிஜி ஒரு மாதிரி ஆனது. கோபன்ஹேகன் பிசிஜி வேறு மாதிரி ஆனது. பாரிஸிலேயே 1173-ஆவது இடமாற்றத்தில்தான் ஒருவழியாக அதை உலர்த்தி நிறுத்தினார்கள். 1921-இன் மூலக் கிருமி எங்கும் மிஞ்சவில்லை. இன்று உலகில் பிசிஜி என்று விற்பதெல்லாம் பேரப்பிள்ளைகள்தான். ஒன்றுக்கொன்று ஜாடையில் சற்று வேறுபட்டவை.

பயணத்தில் ஒரு கோரமும் நடந்தது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஏறத்தாழ 250 குழந்தைகளுக்கு பிசிஜி கொடுத்தார்கள். 70-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் காசநோய் கண்டு இறந்தன. பிசிஜி மறுபடியும் வீரியம் பெற்றுவிட்டதா என்று உலகமே நடுங்கியது. விசாரணையில் உண்மை வெளிவந்தது: அதே ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த வீரியமுள்ள காசநோய்க் கிருமி தடுப்பூசியில் கலந்துவிட்டிருந்தது. இரண்டு டாக்டர்கள் சிறைக்குப் போனார்கள். கிருமி குற்றமற்றது என்று தீர்ப்பானாலும், 1933-இல் இறந்த கால்மெட் அந்தச் சோகத்திலிருந்து மீளவேயில்லை என்பார்கள்.

லூபெக்குக்கு ஓராண்டு முன், 1929-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரேமண்ட் பேர்ல் என்ற புள்ளியியல் அறிஞர் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைக் கணக்கெடுத்தார். புற்றுநோயில் இறந்தவர்களிடம் காசநோய்ப் புண் 6.6 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்களிடம் 16.3 சதவீதம். அப்படியானால் காசநோய் புற்றுநோயை விரட்டுகிறது என்று முடிவு கட்டினார். கணக்கு தப்பு. ஒப்பிட எடுத்துக்கொண்ட ‘மற்றவர்கள்’ அந்த மருத்துவமனையில் சேர்ந்து இறந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் காசநோய்க்காகவே சேர்ந்தவர்கள். அவர்களிடம் காசநோய் அதிகமாகத்தானே இருக்கும்? சக அறிஞர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை நோய்ப்பரவலியல் வகுப்புகளில் இப்படிக் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு பேர்லைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் தப்புக் கணக்கு விதைத்த எண்ணம் மட்டும் சாகவில்லை. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஏதோ பகை இருக்கிறது என்று சிலர் நினைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் பிசிஜி நம் ஊருக்கு வந்தது. 1948-இல் சென்னை கிண்டியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வுக்கூடம் எழுந்தது. மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி தொடங்கியது. அடுத்து நாடு தழுவிய இயக்கமாயிற்று. முதலமைச்சர் பதவியிலிருந்து 1954-இல் விலகியிருந்த ராஜாஜி, மறு ஆண்டே பிசிஜியை நான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். பலன் உறுதியாகத் தெரியாத ஒன்றை, அதுவும் உயிருள்ள கிருமியை, கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடுவதா என்பது அவருடைய சீற்றம். டெல்லி அரசு அசையவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை தேடும் உலகின் மிகப் பெரிய சோதனையும் ராஜாஜியின் மாநிலத்திலேயே நடந்தது. 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு மேல் பிசிஜியும் மற்றவர்களுக்கு வெறும் திரவமும் போட்டுப் பார்த்தார்கள். பாரிஸ் பேரனும் கோபன்ஹேகன் பேரனும் இங்கே அக்கம்பக்கத்தில் பரீட்சை எழுதினார்கள். இரண்டுமே தேறவில்லை: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவை தடுக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவில் தாக்கும் காசநோயை பிசிஜி நன்றாகத் தடுக்கிறது என்பதால்தான் இன்றும் அது தொடர்கிறது. ராஜாஜியின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருந்தது என்றே சொல்வேன். ஊசியை அடியோடு நிறுத்தியிருந்தால் அது பெருந்தவறாகியிருக்கும்.

காசநோயில் பிசிஜி அரைமதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே அதன் இன்னொரு வாழ்க்கை தொடங்கிவிட்டது. 1959-இல் நியூயார்க்கில் லாய்ட் ஓல்ட் என்ற இளம் ஆய்வாளரும் சகாக்களும், பிசிஜி போட்ட எலிகளிடம் புற்றுக்கட்டியை ஒட்டவைத்தால் அது எளிதில் வளர்வதில்லை என்று காட்டினார்கள். கோலியின் மகள் ஹெலன் கோலி நாட்ஸ் தந்தையின் பழைய நோயாளிக் குறிப்புகளை எல்லாம் திரட்டி, 1953-இல் ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனமே தொடங்கியிருந்தார். பின்னாளில் அதன் அறிவியல் வழிகாட்டியாக வந்தவரும் இதே ஓல்ட்தான். நியூயார்க்கில் மறந்துபோன காய்ச்சல் வைத்தியமும் லீலின் உருளைக்கிழங்குக் கிருமியும் அவர் ஆய்வுக்கூடத்தில்தான் சந்தித்துக்கொண்டன. 1975-இல் அவருடைய குழு, பிசிஜி போட்ட எலிகளின் ரத்தத்திலிருந்து கட்டியை அழுகவைக்கும் ஒரு புரதத்தையும் கண்டது. டிஎன்எஃப் என்று அதற்குப் பெயர். இன்று மூட்டுவாதத்துக்குப் போடும் விலையுயர்ந்த ஊசிகள் பல இந்த டிஎன்எஃப்பை அடக்குவதற்காகப் பிறந்தவை. ஒரு வேலை தேடப் போய் இன்னொரு தொழிலுக்கு முதல் கிடைத்தது.

1969-இல் பிரான்ஸின் ஜார்ஜ் மத்தே, ரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்கு பிசிஜி பலன் தருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டொனால்ட் மார்ட்டன் மெலனோமா என்னும் தோல் புற்றுக் கட்டிகளுக்குள்ளேயே பிசிஜியை ஊசி போட்டு அவற்றைச் சுருங்கவைத்தார். உடனே ஊர்பட்ட பேர் கிளம்பிவிட்டார்கள். நுரையீரல், மார்பகம், குடல் என்று எந்தப் புற்றாக இருந்தாலும் பிசிஜி. சிலர் தோலைக் கீறித் தேய்த்தார்கள். சிலர் வாய்வழியே கொடுத்தார்கள். மத்தேயின் முடிவை மற்றவர்களால் மறுபடி நிகழ்த்த முடியவில்லை. பத்தே ஆண்டில் அலை வடிந்தது. பிசிஜி என்று விண்ணப்பம் போட்டால் நிதிக் குழுக்கள் முகம் சுளிக்கும் நிலை வந்தது.

அந்த ஆரவாரத்திலும் இருவர் உருப்படியான காரியம் செய்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பர்ட்டன் ஸ்பாரும் ஹெர்பர்ட் ராப்பும் கினிப் பன்றிகளில் பிசிஜி எப்போது பலிக்கிறது, எப்போது பலிப்பதில்லை என்று பொறுமையாகப் பார்த்தார்கள். கட்டி சிறிதாக இருக்க வேண்டும். கிருமி கட்டியை நேரடியாகத் தொட வேண்டும். போதிய எண்ணிக்கையில் உயிருள்ள கிருமி வேண்டும். கிருமியை எதிர்க்கும் திறன் உடலுக்கு மிஞ்சியிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டு உடலில் எந்த இடம் இதற்குப் பொருந்தும் என்று யோசித்தால் விடை சட்டென்று வரும். சிறுநீர்ப்பை ஒரு மூடிய பை. திரவத்தை ஊற்றி இரண்டு மணி நேரம் வைத்திருக்கலாம். அங்கே வரும் புற்றில் பெரும்பாலானவை உள்தோலோடு நிற்பவை. குழாய்க் கருவியை விட்டு நேரிலேயே எட்டிப் பார்க்கலாம்.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அல்வாரோ மொராலெஸ், கொலம்பியாவிலிருந்து வந்த யூராலஜி மருத்துவர். மாண்ட்ரியலின் அர்மான் ஃப்ராப்பியே நிலையத்திலிருந்து பிசிஜியை வரவழைத்தார். எத்தனை முறை கொடுப்பது? யாருக்கும் தெரியாது. ஃப்ராப்பியே பிசிஜி ஒரு பெட்டிக்கு 6 குப்பியாக வந்தது. ஆகவே 6 முறை. எத்தனை நாளைக்கு ஒருமுறை? எரிச்சலும் காய்ச்சலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டன. ஆகவே வாரம் ஒருமுறை. 1976-இல் 9 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு மொத்தம் 77 மாதங்களில் 22 முறை கட்டி திரும்பியிருந்தது. சிகிச்சைக்குப் பின் 41 மாதங்களில் ஒரே ஒரு முறை.

ஒன்பது பேரை வைத்து யார் நம்புவார்கள்? ஆனால் அமெரிக்காவில் டொனால்ட் லாம், ஹாரி ஹெர் ஆகியோர் தனித்தனியே சோதித்து அதையே கண்டார்கள். 1990-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. லாம் பின்னர், 6 வாரத்தோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டுகள் வரை இடைவெளி விட்டு மும்மூன்று வாரங்கள் கொடுத்தால் பலன் நீடிக்கிறது என்று காட்டினார். தொடக்கத்தின் அந்த 6 வாரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றும் உலகெங்கும் நோயாளிகள் 6 வாரம் வருகிறார்கள். எவ்வளவோ பேர் வேறு எண்ணிக்கை பார்க்க முயன்றும், மாண்ட்ரியல் பெட்டியின் கணக்கை யாரும் நகர்த்தவில்லை.

சிகிச்சை நாளில் நடப்பது எளிமையானது. கட்டியை ஏற்கெனவே குழாய்க் கருவியால் சுரண்டி எடுத்திருப்பார்கள். புண் ஆற ஓரிரு வாரங்களுக்கு மேல் விடுவார்கள். பச்சைப் புண் வழியே கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் ஆபத்து. பிறகு கதீட்டர் வழியே பிசிஜியைச் செலுத்தி, இரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனபின் சில மணி நேரம் கழிவறையில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். வெளியே வருவது உயிருள்ள கிருமி அல்லவா? உள்ளே அது சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அழற்சியை மூட்டுகிறது. வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து, கிருமியோடு சேர்த்துப் புற்றுச் செல்களையும் அழிக்கின்றன. கிருமியே புற்றைக் கொல்வதில்லை, உடலை உசுப்பிவிடுகிறது. உள்தோலில் தட்டையாகப் பரவும் வகைப் புற்றில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்கு அது முழுதாக மறைகிறது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் அல்ல. பலிக்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியிருக்கலாம். அவர்களுக்காக 2020-இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற நவீன எதிர்ப்பாற்றல் மருந்தும், 2024-இல் பிசிஜியோடு சேர்த்தே கொடுக்கும் இன்னொரு மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பழைய கிழவனுக்குப் புதுக் கைத்தடிகள்.

இத்தனை பயன் தரும் மருந்துக்குப் பஞ்சம் வரலாமா? வந்தது. கிருமி மெல்ல வளர்கிறது. ஒரு தொகுதி தயாரிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். விலையோ குறைவு, லாபம் சொற்பம். 2012-இல் சனோஃபி கம்பெனியின் டொராண்டோ தொழிற்சாலையில் பூஞ்சை புகுந்து உற்பத்தி நின்றது. சில ஆண்டுகளில் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவுக்கு மெர்க் என்ற ஒரே கம்பெனி மிஞ்சியது. 2019-இல் அங்கே டாக்டர்கள் ஒரு குப்பியை மூன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும்படி ஆயிற்று. கைகொடுக்குமா என்று, ஷிகா கொண்டுபோன டோக்கியோ வம்சத்தையே அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிய சோதனை வைத்துப் பார்த்தார்கள். இந்தியாவுக்குப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் ரஷ்ய வம்சக் கிருமியிலிருந்து சிறுநீர்ப்பைக்கான பிசிஜியைத் தயாரிக்கிறது. பல லட்சம் விலை சொல்லும் எதிர்ப்பாற்றல் மருந்துகளுக்கு வரிசைகட்டி முதலீடு வருகிற உலகத்தில், எல்லாவற்றிலும் மூத்ததும் மலிவானதுமான ஒன்றைத் தயாரிக்கப் போதிய ஆளில்லை என்பது எனக்குச் சற்றும் சிரிப்பாகத் தோன்றவில்லை.

ஸ்பாரும் ராப்பும் சொன்ன முதல் நிபந்தனை இன்றும் மாறவில்லை: கட்டி சிறிதாக, உள்தோலோடு இருக்கும்போதுதான் பிசிஜி வேலை செய்யும். தசைக்குள் இறங்கிவிட்டால் பிசிஜிக்கு அங்கே வேலையில்லை. சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலும் வலியே இல்லாமல், சிறுநீரில் ரத்தமாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒருநாள் வந்துவிட்டு மறுநாள் தானாக நின்றும்விடும். சூடு பிடித்திருக்கும் என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ, குறிப்பாகப் புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஒரே ஒருமுறை அப்படி வந்தாலும் தள்ளிப்போடாமல் ஒரு யூராலஜி மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.